ஒன்றரை மணிக்கு வரும் இன்ஸ்பெக்டர்

2024 நவம்பரில் டில்லியில் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். பேரனுக்கு ஆறு வயது. காலையில் எழுந்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு நம்பர் என்ன தாத்தா?" என்பதுதான். காற்றுத்தரக் குறியீட்டின் எண்ணைக் கேட்கிறான். மகளின் செல்பேசியில் அது நானூறுக்கு மேல் என்று காட்டினால் விளையாடப் போக முடியாது என்று அவனுக்குத் தெரியும். நான் அவன் வயதில் புதுச்சேரிக் கடற்கரையில் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன். அவன் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைகிறான். இரவில் இருமல் அதிகமானால் மூக்கில் அந்த நெபுலைசர் கருவியை வைக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருப்பது சுலபமில்லை.

18ஆம் தேதி நான்காம் நிலைக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. லாரிகள் நகருக்குள் வரக்கூடாது, கட்டட வேலை நிறுத்தம், பள்ளிக்கூடம் ஆன்லைனில். அன்று மாலை மருமகன் அலுவலகத்திலிருந்து வந்து தொண்டையைக் கனைத்தபடி செய்தி வாசித்தார். "பஞ்சாபில் தாள் எரிக்கிறது இந்த வருஷம் எழுபது சதவீதம் குறைஞ்சிருக்காம் மாமா. செயற்கைக்கோள் கணக்கு." நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர் அடுக்குமாடிக் கட்டடம் தெரியவில்லை. "குறைஞ்சதுன்னா இது எங்கிருந்து வருது?" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்களோடு முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு எண் ஒரு பக்கமும் கண்ணால் பார்ப்பது இன்னொரு பக்கமும் போனால், இரண்டில் ஒன்றைத் தோண்டிப் பார்க்காமல் தூக்கம் வராது.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும், என் பள்ளிக்கூடத்தின் புண்ணியத்தில் பிரெஞ்சிலும். படித்ததை வைத்து எனக்கு ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கும் செயற்கைக்கோளுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். செயற்கைக்கோள் விடுவது விஞ்ஞானிகள் வேலை. அது அனுப்பும் கணக்கை நம்பலாமா, எந்தக் கணக்கை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பார்ப்பது குமாஸ்தா வேலை. அதில் எனக்கு அனுபவம் உண்டு.

முதலில் ஒரு பழைய கதை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு அதிகாரி இருந்தார். நேரம் தவறாதவர். காலை பத்தேகாலுக்கு வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். மாலை மூன்று மணிக்கு ஒரு சுற்று சுற்றுவார். அந்த இரண்டு நேரமும் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது. மூன்றேகாலுக்கு மேல் பிரிவில் பாதிப்பேர் இருக்க மாட்டோம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஒருவர், ரேஷன் கடைக்கு ஒருவர், டீக்கடையில் நாலு பேர். நானும் போயிருக்கிறேன், மறைப்பானேன். மாத முடிவில் அவர் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் "வருகை திருப்தி" என்று இருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் பார்த்த நேரத்தில் எல்லோரும் இருந்தோம்.

அவருக்குப் பின் இன்னொருவர் வந்தார். அவர் வருகைப் பதிவேட்டைத் தொடவே இல்லை. தபால் அனுப்பும் பதிவேட்டைக் கேட்டார். எத்தனை கடிதம் வந்தது, எத்தனைக்குப் பதில் போனது, எத்தனை கோப்பு அலமாரியில் தூங்குகிறது என்று எண்ணினார். ஒரு வாரத்தில் எங்கள் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. முதல் அதிகாரி ஆள் இருக்கிறாரா என்று பார்த்தார். இரண்டாமவர் வேலை நடந்ததா என்று பார்த்தார். இந்தக் கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாப் வயலுக்கு இது தேவைப்படும்.

இப்போது செயற்கைக்கோள். காற்றை மேலிருந்து எப்படி அளக்கிறார்கள்? பள்ளியில் முப்பட்டகக் கண்ணாடியில் வெயிலைப் பிரித்து ஏழு நிறம் பார்த்திருப்போம். ஒவ்வொரு வாயுவும் வெயிலின் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் விழுங்கும். பூமியில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் பிரித்துப் பார்த்து, எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டால், வழியில் எந்த வாயு எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடை இப்படித்தான் அளக்கிறார்கள். 2004இல் ஏவப்பட்ட அவ்ரா என்ற செயற்கைக்கோளில் நெதர்லாந்தும் பின்லாந்தும் சேர்ந்து செய்த ஓமி என்ற கருவி இருக்கிறது. 2017 அக்டோபரில் ஐரோப்பியர்கள் சென்டினல்-5பி என்பதை அனுப்பினார்கள். அதன் கருவிக்கு ட்ரோபோமி என்று பெயர். ஓமியின் ஒரு கட்டம் 13 கிலோமீட்டருக்கு 24 கிலோமீட்டர். ட்ரோபோமியின் கட்டம் இப்போது ஐந்தரைக்கு மூன்றரை கிலோமீட்டர். முன்னது ஒரு நகரம் முழுவதற்கும் சேர்த்து ஒரு புள்ளி வைத்தது என்றால், பின்னது ரெட்டியார்பாளையத்தையும் கடற்கரைச் சாலையையும் தனித்தனியாகச் சொல்லக்கூடியது.

தூசுக்கும் புகைக்கும் வேறு கருவிகள். வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்து அளக்கிறார்கள். டெர்ரா, அக்வா என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கணக்கை எழுதி வந்திருக்கிறது. பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து 2006இல் அனுப்பிய காலிப்சோ, லேசர் ஒளியைக் கீழே செலுத்தி, புகை எந்த உயரத்தில் நிற்கிறது என்றே சொன்னது. 2023இல் அது ஓய்வு பெற்றது. பதினேழு வருட சர்வீஸ்.

இதில் என்ன லாபம்? மூன்று சொல்வேன். முதலாவது, தரையில் உள்ள அளவீட்டு நிலையங்கள் குறைவு. டில்லியில் சுமார் 40. நாட்டிலேயே அதிகம் அங்கேதான். அதைத் தாண்டிப் போனால் பல மாவட்டங்களில் ஒன்றுகூட இருக்காது. செயற்கைக்கோள் எல்லா மாவட்டத்தையும் பார்க்கிறது. இரண்டாவது, அதற்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை, யாரும் தடுக்கவும் முடியாது. மூன்றாவது, அதை ஏமாற்றுவது கடினம். 2016இல் சீனாவில் சியான் நகரத்தில் சுற்றுச்சூழல் துறை ஊழியர்களே அளவீட்டுக் கருவியின் வாயில் பஞ்சை அடைத்துக் காற்றைச் சுத்தமாகக் காட்டிய வழக்கு ஒன்று உண்டு. அடுத்த வருடம் அவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதன் வாயில் யாரும் பஞ்சை அடைக்க முடியாது.

இப்படி அளந்ததில் பெயர்பெற்றது பெய்ஜிங் கணக்கு. 2008 ஒலிம்பிக்ஸ். ஜூலை 20 முதல் செப்டம்பர் 20 வரை ஒற்றைப்படை எண் வண்டி ஒரு நாள், இரட்டைப்படை எண் வண்டி மறுநாள் என்று ஓட்டச் சொன்னார்கள். சுற்றியிருந்த ஆலைகளை மூடினார்கள், கட்டட வேலையை நிறுத்தினார்கள். சீன அரசு என்ன எண் சொன்னாலும் உலகம் நம்பத் தயாராக இல்லை. ஓமி கருவியின் கணக்கைப் பார்த்தார்கள். முந்தைய மூன்று வருடங்களின் அதே மாதங்களோடு ஒப்பிட்டதில் பெய்ஜிங்குக்கு மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு 43 சதவீதம் குறைந்திருந்தது. இன்னொரு குழு காற்று, மழை, வெப்பம் எல்லாவற்றையும் கணினியில் போட்டு, கட்டுப்பாடு இல்லாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, குறைவு சுமார் 60 சதவீதம் என்றது.

இரண்டு எண் வந்ததே, எது பொய் என்று கேட்கத் தோன்றும். இரண்டும் பொய்யில்லை. ஒருவர் முந்தைய வருடங்களின் கணக்கோடு ஒப்பிட்டார். இன்னொருவர் இந்த வருட வானிலையைக் கழித்துவிட்டு ஒப்பிட்டார். மழை பெய்தால் தூசு தானாகவே அடங்கும், காற்று அடித்தால் புகை பக்கத்து ஊருக்குப் போய்விடும். அதற்கு எந்த அரசும் பாராட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது. அதேபோல் காற்று நின்றுபோன வருடத்தில் நல்ல நடவடிக்கையும் தோற்றதுபோல் தெரியும். அதற்காக அதைத் திட்டவும் கூடாது. ஒலிம்பிக்ஸ் முடிந்து வண்டிகள் திரும்ப ஓடத் தொடங்கியதும் அந்த வாயு மறுபடி ஏறியது. அதையும் செயற்கைக்கோள்தான் சொன்னது. குறைந்ததும் ஏறியதும் சேர்ந்துதான் அந்த நடவடிக்கைக்குச் சாட்சி.

பாரிஸில் 2014 மார்ச்சில் இதே ஒற்றை இரட்டை முறையை ஒரே ஒரு நாள் வைத்தார்கள். அதற்கு முன் 1997இல் ஒரு நாள். நம் உறவுக்காரர்கள் பாதிப்பேர் அங்கே இருக்கிறார்கள். மெட்ரோவில் இலவசமாகப் போனோம் என்று அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, காற்று மாறியது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அதே பாரிஸில், தரைக் கருவிகளின் கணக்குப்படி, 2005இலிருந்து இருபது வருடத்தில் நுண்தூசும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கின்றன. பழைய டீசல் வண்டிகளைப் படிப்படியாக விலக்கினார்கள், எரிபொருளும் எஞ்சினும் சுத்தமாயின, சைக்கிளுக்கும் பேருந்துக்கும் சாலையில் இடம் கொடுத்தார்கள். ஒரு நாள் விரதம் உடம்பை இளைக்க வைக்காது. தினமும் அளவாகச் சாப்பிட வேண்டும்.

டில்லியில் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை இந்த முறை வந்தது, அதே வருடம் ஏப்ரலில் ஒருமுறை, 2019 நவம்பரில் ஒருமுறை. இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு, பெண்கள் ஓட்டினால் விலக்கு. டில்லியில் ஓடுவதில் பெரும்பங்கு இருசக்கர வண்டி. எஞ்சியதில் என்ன பெரிதாகக் குறையும்? ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது நுண்தூசில் பெரும்பாலான இடங்களில் குறைவு ஒற்றை இலக்கச் சதவீதம்தான். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் தொலைக்காட்சியில் வெற்றி வெற்றி என்று ஒரு பக்கமும், தோல்வி தோல்வி என்று மறுபக்கமும் சத்தம். இரண்டு பக்கமும் நடவடிக்கை முடிந்த பிறகுதான் தமக்குப் பிடித்த எண்ணைத் தேடின.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நைட்ரஜன் டை ஆக்சைடு பகலில் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் அது எங்கே தெரிகிறதோ அங்கேயே உண்டானது என்று சொல்லலாம். வண்டியை நிறுத்தினால் அன்றே குறையும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்திய நகரங்களுக்கு மேல் அது மளமளவென்று இறங்கியதைப் படமாகப் போட்டார்கள். நுண்தூசு அப்படியில்லை. நாள் கணக்கில் மிதக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். அதன் மூலம் ஒன்றல்ல, பத்து. வண்டிக் கட்டுப்பாட்டுக்கு நுண்தூசைக் கொண்டு மார்க் போட்டால் தவறும். தாள் எரிப்புக்கு நைட்ரஜன் டை ஆக்சைடை மட்டும் கொண்டு மார்க் போட்டாலும் தவறும். வெல்லத்தை அளக்கத் தராசு, எண்ணெயை அளக்க லிட்டர்.

சரி, பஞ்சாபுக்கு வருவோம். அங்கே நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். 2009இல் நிலத்தடி நீரைக் காக்கச் சட்டம் போட்டு நாற்று நடவைத் தள்ளிவைத்தார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் அறுவடையும் தள்ளிப்போய், எரிக்கும் நேரம் காற்று அசையாத குளிர்காலத் தொடக்கத்தில் வந்து விழுந்தது. இயந்திரம் அறுத்தபின் முழங்கால் உயரத்துக்குத் தாள் நிற்கும். நம் பாகூர் பக்கம் வைக்கோலுக்கு மாடு இருக்கிறது, விலையும் இருக்கிறது. அங்கே அந்த ரக நெல்லின் வைக்கோலை மாடு விரும்பித் தின்பதில்லை. தீக்குச்சி ஒன்றுதான் மலிவான வேலையாள்.

அந்தத் தீயைச் செயற்கைக்கோள்கள் எண்ணுகின்றன. வெப்பம் தெறிக்கும் இடத்தை ஒரு புள்ளியாகக் குறிக்கின்றன. அரசாங்கக் கணக்குப்படி பஞ்சாபில் 2021இல் 71,304 தீ. 2022இல் 49,922. 2023இல் 36,663. 2024இல் 10,909. மூன்றே வருடத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஆகிவிட்டது. மருமகன் வாசித்தது இந்தக் கணக்கின் தொடர்ச்சியைத்தான்.

ஆனால் தீயை நுணுக்கமாக எண்ணும் செயற்கைக்கோள்கள் ஓரிடத்துக்கு மேலே பகலில் வருவது ஏறக்குறைய ஒரே நேரத்தில். பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். அக்வா வெகுகாலம் அந்த நேரத்தில்தான் வந்தது, அமெரிக்காவின் சுவோமி செயற்கைக்கோளும் அந்த நேரம். தீ தெரிந்தால் அந்த வயலுக்கு ஆள் வருகிறார்கள், அபராதம், வழக்கு, நிலப் பதிவில் சிவப்பு மைக் குறிப்பு. 2024 நவம்பரில் அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள். 2 ஏக்கருக்குக் குறைவானவருக்கு 5,000 ரூபாய், 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. விவசாயி என்ன செய்வார்? நாங்கள் செய்ததைத்தான் செய்வார். இன்ஸ்பெக்டர் போன பிறகு எழுந்து போவார். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தது போலவே இங்கே மாலையில் தீ வைப்பார்.

அதே வருடம் நாசாவின் காடார்ட் மையத்தில் பணிபுரியும் ஹிரேன் ஜேத்வா என்ற விஞ்ஞானி இதைப் பொதுவெளியில் எடுத்துச் சொன்னார். தீயின் எண்ணிக்கை இவ்வளவு குறைந்தும் வானத்தில் உள்ள புகைத்தூசின் அளவு அதற்கேற்பக் குறையவில்லையே என்பது அவர் கேள்வி. இது ஏன் என்று பார்க்க, ஒரே இடத்தில் நின்றபடி நாள் முழுவதும் பார்க்கும் தென்கொரியச் செயற்கைக்கோளின் படங்களை எடுத்தார். பிற்பகலின் பிற்பகுதியில் பஞ்சாப் வயல்களிலிருந்து புகை எழுவது அதில் தெரிந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்தேகால் மணி அறிக்கையில் "வருகை திருப்தி" என்று இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

இதைச் சொல்வதால் குறைவு முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. 2018 முதல் தாளை மண்ணோடு கலக்கும் இயந்திரங்களுக்கு மானியம் கொடுக்கிறார்கள். பல விவசாயிகள் உண்மையாகவே தீயைக் கைவிட்டிருக்கிறார்கள். எரிந்தபின் கறுத்துக் கிடக்கும் வயலின் பரப்பை அளந்தவர்கள், குறைவு உண்டு, ஆனால் தீயின் எண்ணிக்கை காட்டும் அளவுக்கு இல்லை என்கிறார்கள். எங்களுடைய இரண்டாவது அதிகாரி செய்த வேலை இதுதான். தீ மாலை ஐந்து மணிக்கு எரிந்தாலும் நள்ளிரவில் எரிந்தாலும், கரி மறுநாளும் வயலில் கிடக்கும். 10 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கும் சென்டினல்-2 போன்றவை அதைக் காட்டிக்கொடுக்கும். வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

விவசாயியைத் திட்டுவதும் என் நோக்கமில்லை. டில்லியின் நுண்தூசில் தாள் எரிப்பின் பங்கு மோசமான சில நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போயிருக்கிறது. மற்ற நாட்களில் மிகக் குறைவு. டிசம்பர், ஜனவரியில் வயலில் தீயே கிடையாது, ஆனாலும் என் பேரன் இருமுகிறான். வண்டி, அனல்மின் நிலையம், செங்கல் சூளை, சாலைத் தூசு, குப்பைத் தீ, குளிருக்கு மூட்டும் தீ என்று பட்டியல் நீளம். எளிதாக எண்ண முடிவதை மட்டும் எண்ணினால் எண்ணப்படுபவன் மட்டும் குற்றவாளி ஆகிறான். அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையை வடிகட்டும் கருவி வைக்க வேண்டும் என்று 2015இல் விதி போட்டு, 2017க்குள் முடிக்கச் சொன்னார்கள். பிறகு கெடு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டார்கள். சீனாவோ 2007க்குப் பிறகு ஏறக்குறைய பத்து வருடத்தில் கந்தக வாயுவை 75 சதவீதம் குறைத்தது. அதே காலத்தில் இந்தியாவில் அது 50 சதவீதம் ஏறியது. இரண்டையும் எழுதிவைத்தது அதே ஓமி கருவிதான். அது யாருக்கும் கெடு நீட்டித்துக் கொடுக்கவில்லை.

செயற்கைக்கோளுக்கும் குறைகள் உண்டு. மேகம் இருந்தால் தெரியாது. தரையிலிருந்து வானம்வரை உள்ள மொத்தத்தைச் சேர்த்து அளக்கிறது. குழந்தை சுவாசிப்பது தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் உள்ள காற்றை. குளிர்காலத்தில் புகை தரையோடு படிந்து கிடக்கும்போது, மேலிருந்து பார்க்கும் மொத்தம் மாறாமலே மூக்குக்கு வருவது இரண்டு மடங்கு ஆகலாம். காலை எட்டு மணிப் போக்குவரத்து நெரிசல் ஒன்றரை மணிக்கு வருபவருக்குத் தெரியாது. ஆகவே தரைக் கருவி வேண்டாம், மேலே உள்ளது போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேஷ் புத்தகமும் பாங்க் பாஸ்புத்தகமும் ஒன்றையொன்று சரிபார்ப்பதுபோல, இரண்டும் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உண்மை ஒளிந்திருக்கும் என்பது ஆடிட்டர்களின் பழைய பாடம்.

எங்கள் பள்ளியில் கணக்கு முசே ஒருவர் இருந்தார். ஒருநாள் கரும்பலகையில் "மெஸ்யூர்" என்று எழுதி அர்த்தம் கேட்டார். "அளவு" என்றோம். "சரி. ஆனால் அரசாங்கம் மெஸ்யூர் எடுக்கிறது என்று பேப்பரில் வருகிறதே, அது என்ன?" என்றார். "நடவடிக்கை" என்றான் ஒருவன். "ஒரே சொல்லுக்கு ஏன் இரண்டு அர்த்தம்?" எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார்: "அளக்காமல் எடுத்தது நடவடிக்கை ஆகாது, பசங்களா, வெறும் சத்தம்." பிரெஞ்சு இலக்கணம் அப்படிச் சொல்கிறதா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் முப்பத்தெட்டு வருட அலுவலக வாழ்க்கையில் அவர் சொன்னது தப்பாகப் போனதே இல்லை.

என் கருத்து இதுதான். காற்றைச் சுத்தம் செய்ய அரசு ஒரு நடவடிக்கை அறிவிக்கும்போதே, அது வென்றதா தோற்றதா என்று எந்த அளவை வைத்துப் பார்க்கப் போகிறோம் என்பதையும் அன்றே அறிவிக்க வேண்டும். எந்த வாயு, எந்த மாதம், எந்த வருடத்தோடு ஒப்பிட்டு, வானிலையை எப்படிக் கழித்து என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முடிவு வந்தபின் அளவுகோலைத் தேடக் கூடாது. இரண்டாவது, நடவடிக்கை எடுத்தவரே மார்க் போடக் கூடாது. கேஷ் புத்தகம் எழுதுகிறவனே அதைத் தணிக்கை செய்ய எந்தக் கருவூலமும் விடாது. மூன்றாவது, ஒரே எண்ணை ஒரே நேரத்தில் ஒரே கோணத்தில் பார்த்து அபராதம் போடக் கூடாது. போட்டால் குறைவது அந்த எண் மட்டும்தான். புகை வேறு நேரத்துக்கு மாறிக்கொள்ளும்.

இதற்குப் புதிதாகப் பணம் கொட்ட வேண்டியதில்லை. சென்டினல் செயற்கைக்கோள்களின் கணக்கு உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி மாணவர்கள் எடுக்கிறார்கள். நம் காலத்தில் ஒரு கோப்பின் நகலைப் பார்க்க எத்தனை மனு போட வேண்டியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். இன்று வானத்தின் கோப்பே திறந்து கிடக்கிறது. படித்துச் சொல்லப் பொறுமையுள்ள ஆட்கள்தான் தேவை.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அறுபது எழுபது சதவீதம் குறைந்தது என்று பேப்பரில் வந்தால் உடனே கைதட்டவும் வேண்டாம், எல்லாம் பொய் என்று பேப்பரை மடித்து வைக்கவும் வேண்டாம். எதை எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். நாற்பது வருடம் பில் பாஸ் செய்தவர்களுக்கு இது புதிதில்லை.

நேற்றும் மகள் வீடியோவில் அழைத்தாள். பேரன் திரைக்குள் முகத்தை நீட்டி, "தாத்தா, உங்க ஊர்ல நம்பர் என்ன?" என்றான். "நாற்பது இருக்கும்டா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப வெளிய போய் விளையாடலாமா?" என்று கேட்டான். கோடை விடுமுறைக்கு அவனை இங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தை ஓடி விளையாட ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் தாத்தா வீடு இருக்க வேண்டும் என்பது ஒரு தீர்வா?